பரணியும் பெட்டியும்: மின்வெட்டுக் காலத்துக் காஞ்சியில் உணவுக் காப்பு — ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

காஞ்சி மாநகரைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் பல்லவர் சிற்பத்தை எழுதினார்கள், பட்டை எழுதினார்கள், கோபுரங்களை எண்ணினார்கள். நேற்று வைத்த மீன் குழம்பு இந்த ஊரில் நாளை மறுநாள் என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே ஒரு வீடு. அது ஆய்வாளரின் வீடு. களப்பணிக்கு யாரிடமும் நிதி பெறவில்லை. சாப்பாடு மட்டும் பெறப்பட்டது.

எதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால் காஞ்சிபுரத்துக்குத் தூக்கம் வராது. சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி. வடகலை, தென்கலை. நாமத்தின் வடிவத்துக்கும், பெருமாளுக்கு முன்னால் யார் நின்று பாடுவது என்பதற்கும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறிய ஊர் இது. உணவைக் காப்பதிலும் இங்கே இரண்டு கலைகள் உண்டு. உப்பிட்டு, எண்ணெய் விட்டு, ஜாடியின் வாயில் துணியால் வேடு கட்டிப் பரணில் ஏற்றுவோர் பரணிகலையார். எதுவானாலும் கிண்ணத்தில் ஊற்றித் தட்டால் மூடி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவோர் பெட்டிகலையார்.

எங்கள் வீட்டில் பெட்டிகலைக்கு ஆச்சாரியர் என் அம்மா, வயது எழுபத்தாறு. பரணிகலைக்கு என் மனைவி. அச்சுப்பிழை அல்ல, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கல்சட்டி, மண்பானை, செக்கெண்ணெய் என்று திரும்பிப் போகத் துடிப்பவள் மருமகள்தான். அங்கிருந்து தப்பித்து வந்த அம்மாவுக்கு அந்த ஏக்கம் கிடையாது. "நாப்பது வருஷம் ஆட்டுக்கல்லுல மாவாட்டினவ நானு. பழசு நல்லதுன்னா அதை நான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்பது அவருடைய வாக்குமூலம். பகலில் தறிக்குழியில் கால் விட்டு அப்பாவுக்கு எதிர்க்கரை நாடா போட்டுவிட்டு, சாயங்காலம் ஆட்டுக்கல்லுக்கு முன் உட்கார்ந்தவர். அவர் கையில் முதன்முதலாக ஃப்ரிட்ஜ் சாவி வந்த நாளை வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.

சொல்லாராய்ச்சி

பரணி என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வரும். அது போர்க்களத்தைப் பாடும் நூல், இது ஊறுகாயைக் காக்கும் ஜாடி. ஒன்றுக்கொன்று உறவில்லை என்று அகராதி சொல்லும். அகராதி அவசரப்படுகிறது. குலோத்துங்கன் கலிங்கத்தின் மேல் கருணாகரத் தொண்டைமானை ஏவியது காஞ்சியில் வீற்றிருந்தபோதுதான் என்று செயங்கொண்டார் பாடுகிறார். அந்த நூல் எங்கே போய் முடிகிறது? பேய்கள் களத்தில் கூழ் காய்ச்சிக் குடிப்பதில். ஆக, காஞ்சியில் கிளம்பிய பரணி எதுவும் கடைசியில் அடுப்படிக்குத்தான் வந்து சேரும் என்பது இலக்கிய ஆதாரத்தோடு நிறுவப்படுகிறது. பரணில் இருப்பதால் பரணி என்று என் மனைவி சொல்லும் விளக்கமும் உண்டு. அதை மறுக்கும் துணிவு இந்த ஆய்வாளருக்கு இல்லை.

முன்னோர் மொழிந்தவை

தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்குப் பாணனை வழியனுப்பும் பெரும்பாணாற்றுப்படையில் போகிற வழியெல்லாம் சாப்பாடுதான். அதில் மறையோர் வீட்டு விருந்தில் ஓர் இடம். மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காய் வருகிறது. கூடவே மாமரத்து இளவடுவைப் போட்டு ஊறவைத்த காடியும் வருகிறது. காடி என்றால் ஊறுகாய் என்றே பொருள் கொள்கிறார்கள். காஞ்சிக்குப் போகும் சாலையில் மாவடு கிடைக்கும் என்று சங்க இலக்கியமே சாட்சி சொல்கிறது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப ஃப்ரிட்ஜ் இல்ல, வேற என்ன பண்ணுவாங்க?" என்றார். இளந்திரையன் காலத்து வாதம் அங்கேயே விழுந்தது.

ஐரோப்பாவில் இந்தக் காரியத்தைத் தொடங்கியவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். கண்ணாடிக் குப்பியில் உணவை இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்தார். உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் கணக்கைப் பாஸ்டர் வந்து சொல்ல இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. காரணம் தெரியாமல் காரியத்தைச் சரியாகச் செய்வதில் அப்பேருக்கும் எங்கள் தெருப் பாட்டிகளுக்கும் வேற்றுமை இல்லை; பாட்டிகளுக்குப் பிராங்க் வரவில்லை, அவ்வளவுதான்.

அதே 1810இல் லண்டனில் தகர டப்பாவுக்கு உரிமம் வாங்கினார்கள். அதைத் திறக்கும் கருவி 1850களில்தான் வந்தது. நடுவில் நாற்பது ஆண்டுக்கு மேல் உளியும் சுத்தியலும்தான் துணை. இந்த நாற்பது என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

பெட்டிகலைக்கு மூலபுருஷர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. கனடாவின் லாப்ரடாரில் இனுயிட் மக்கள் பிடித்த மீன் பனிக்காற்றில் கல்லாக உறைவதையும், பிறகு உருக்கிச் சமைத்தால் அன்று பிடித்தது போலவே இருப்பதையும் பார்த்து, ஊருக்குத் திரும்பி அதைத் தொழிலாக்கினார். அவர் பார்த்த இடத்தில் கரண்டு போனாலும் ஃப்ரீசர் ஓடும். 2021 பிப்ரவரியில் பனிப்புயலால் டெக்சாஸில் மின்சாரம் போனபோது அங்கிருக்கும் என் தங்கை பாலையும் கோழியையும் எடுத்து வாசல் பனியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். குளிர் அங்கே வீட்டுக்கு வெளியில் இருக்கிறது. கத்திரி வெயிலில் பிள்ளையார்பாளையத்து வாசலில் பாலை வைத்தால் பாயசமாகும், சர்க்கரை நாம் போட வேண்டும்.

அந்தத் தங்கைதான் ஒருமுறை ஊருக்கு வரும்போது இரண்டு மூடி போட்ட கண்ணாடி ஜாடிகள் ஆறு கொண்டுவந்து, சாம்பாரை அதில் அடைத்து வெந்நீரில் கொதிக்கவைத்தால் ஒரு வருஷம் இருக்கும் என்று வகுப்பெடுத்தாள். இது மட்டும் விளையாட்டு இல்லை. புளிப்புக் குறைந்த பண்டத்தைக் காற்றில்லாமல் அடைத்தால் பாட்டுலினம் என்ற நஞ்சை உண்டாக்கும் கிருமி உள்ளே சுகமாக வளரும். அதன் வித்துக்கள் கொதிநீருக்கு, அதாவது நூறு பாகைக்கு, மசிவதில்லை. அழுத்தத்தில் 121 பாகை வரை ஏற்றியாக வேண்டும். நம் முன்னோர் பருப்பையும் கறியையும் அடைக்காமல், உப்பும் புளிப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்ததை மட்டும் அடைத்தார்கள். மற்றதைக் காயவைத்து வடகம், வத்தல், உப்புக்கண்டம் என்று ஆக்கினார்கள். தங்கையின் ஜாடிகளில் இப்போது கடுகும் வெந்தயமும் இருக்கின்றன.

கோயிலின் வழி

இரண்டு கலைக்கும் அப்பால் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போனால் ஊரில் குடியிருக்க முடியாது. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி. மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். உருளை மாதிரி வரும், வெட்டித்தான் தர வேண்டும். யாத்திரை போகிறவர்கள் கட்டிக்கொண்டு போனால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஜாடியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். இதைப் பற்றித் தனியே ஓர் ஆய்வு எழுதலாம் என்று இருக்கிறேன். ஆய்வுப் பொருள் வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோவதால் தாமதமாகிறது.

கருதுகோள்

எங்கள் ஃப்ரிட்ஜின் குடிமக்கள்: இட்லி மாவு இரண்டு பாத்திரம், அரைமூடித் தேங்காய் மூன்று (ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது), பால் பாக்கெட், முழம் மல்லிகை, ஈரத்துணியில் வெற்றிலை, யாருக்கென்று தெரியாத கண் சொட்டு மருந்து. மேலே ஃப்ரீசரில் ஞாயிற்றுக்கிழமை மீனும், போன ஞாயிற்றுக்கிழமை மீனும். இவற்றையெல்லாம் குளிரவைக்கும் மின்சாரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. நெசவாளர் வீட்டுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவசமாகக் கொடுக்கிறது. 2023 முதல் 300. காலால் மிதித்துக் கையால் நாடா தள்ளும் தறிக்கு ஒரு பல்பு போதும். மீதியைத் தின்பது பெட்டி. தறி சம்பாதித்த கரண்டில் மாவு குளிர்கிறது.

2012இல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததே, அந்த ஆண்டு எங்கள் ஃப்ரிட்ஜ் நல்ல அலமாரியாக வேலை செய்தது. எறும்பு ஏறாது, பூனை திறக்காது. தறி மட்டும் நிற்கவில்லை.

கரண்டு போனபின் மூடியே இருக்கும் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் என்று அமெரிக்க வேளாண் துறை கணக்குச் சொல்கிறது. எல்லாம் கதவைத் திறக்காமல் இருந்தால். அந்த நிபந்தனையில்தான் தமிழ்க் குடும்பம் தோற்கிறது. கரண்டு போன அடுத்த நிமிடமே ஒருவர் போய்த் திறப்பார். எதற்கு? இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்க.

இங்கேதான் நாற்பது வருகிறது. அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்தடியில், அத்தி மரத்து வரதர் நாற்பது ஆண்டு தண்ணீருக்குள் இருக்கிறார். 1979க்குப் பிறகு 2019 ஜூலை முதல் தேதிதான் எழுந்தருளினார். 48 நாள் சேவை சாதித்துவிட்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி திரும்பக் குளத்துக்குள் போனார். இனி 2059. மரம் தண்ணீரில் இருந்தால் மக்கும் என்பார்கள். காற்றுப் படாமல் இருந்தால் மக்காது. இடையில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதிலிருந்து என் கருதுகோள்: ஒரு பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்புமல்ல, குளிருமல்ல, திறக்காமை. இந்தப் பத்தியைப் படித்த அம்மா, பெருமாளை ஊறுகாயோடு சேர்த்து எழுதுவாயா என்று அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து திரும்ப எழுதினேன்.

களப்பணி

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் மத்தியானம் போன கரண்டு மூன்று நாள் வரவில்லை. ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போய் ஒரு மாதம்; கையில் சில்லறை இல்லை, கடையும் இல்லை. தறிக்குழியில் தண்ணீர். பாவு ஈரம் குடித்து இழை ஒட்டிக்கொண்டது. பரிசோதனைக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது.

அம்மா ஃப்ரிட்ஜுக்கு முன் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கதவைத் தொடக்கூடாது. அமெரிக்க வேளாண் துறையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மனைவி வெற்றிப் புன்னகையோடு பரணிலிருந்து மாவடுப் பரணியை இறக்கினாள். பங்குனியில் போட்டது: வடுவைக் கழுவி நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மிளகாயும் கடுகும் சேர்த்து, சுருங்குகிற வரைக்கும் தினம் குலுக்கி எடுத்தது. பழைய சோறும் மாவடுவும் இருக்கையில் எந்தப் புயலும் ஒன்றும் செய்யாது என்றாள். வேட்டை அவிழ்த்தாள். மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"யாரோ ஈரக் கை வெச்சிருக்காங்க" என்றாள். அம்மா முக்காலியில் இருந்தபடியே, "நான் பரண் ஏறி நாலு வருஷம் ஆச்சு" என்றார். அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஆய்வு நெறிப்படி இதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது: கார்த்திகை மாதத்து இரவுகளில், ஊறுகிறதா என்று தெரிந்துகொள்ளும் நோக்கத்தோடு, ஆய்வாளர் பரண் ஏறியது உண்மை. கை கழுவிவிட்டுத்தான் ஏறினார். துடைக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை பெட்டியும் கைவிட்டது. மாவு தன் தட்டைத் தானே தள்ளிக்கொண்டு எழுந்தது. அம்மா கதவைத் திறந்து, தெருவில் எல்லா அம்மாக்களும் அந்த நேரத்தில் எடுத்த அதே முடிவை எடுத்தார். மீன் முழுவதும் குழம்பானது, மாவு முழுவதும் ஊத்தப்பமானது, கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கத்துக்குப் போனது. கொடுத்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வீட்டுக் குழம்பு இங்கே, இந்த வீட்டுப் பணியாரம் அங்கே. எட்டரை மணிக்கு எதிர் வீட்டுப் பெண் கொண்டுவந்த மீன் குழம்பு பழகிய வாசனையாக இருந்தது. அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்.

"நம்ம வீட்டுதுதான். மூணு வீடு சுத்தி வந்திருக்கு. யாரோ புளி ஊத்திட்டாங்க."

அன்றிரவு தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள, மேல் பூஞ்சையைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு மனைவி பதில் சொல்லவில்லை. பரணி மொத்தமும் தென்னை மரத்தடிக்குப் போயிற்று. வெறும் தயிர் சாதம் கரையில்லாத புடவை மாதிரி இருந்தது. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் வந்து கோர்வையில் பூட்டினால்தான் அது காஞ்சிப் பட்டு. தயிர் பெட்டியில் இருந்து வர வேண்டும், மாவடு பரணியில் இருந்து வர வேண்டும். இரு கலையாரிடமும் இதைச் சமரசமாகச் சொல்லிப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து என்னைப் படுக்கப் போகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பின்னிரவில் திடீரென்று மின்விசிறி சுற்றியது. சமையலறையில் பெட்டி உறுமிற்று. உள்ளே ஒன்றுமில்லை, கழுவித் துடைத்து வைத்திருந்தது. இருந்தாலும் ஆய்வு முழுமை பெற வேண்டுமே என்று எழுந்துபோய், விளக்கு எரிகிறதா என்று கதவைத் திறந்து பார்த்தேன்.

கூடத்து இருட்டிலிருந்து அம்மா குரல் வந்தது. "மூடுடா."