சர்வர் டவுன்: ஒரு கையேடு

நெட்வொர்க் கார்டு உறைவது என்பது, சர்வர் ஓடிக்கொண்டே மௌனவிரதம் பூணும் உயர்ந்த நிலை. மின்விசிறி சுற்றும், கார்டின் பச்சை விளக்கு எரியும், பதில் மட்டும் வராது. கடலூர், சிதம்பரம் பக்கத்து அலுவலகங்களில் இதற்குச் ‘சர்வர் டவுன்’ என்று பெயர். சான்றிதழ் கேட்டு வந்தவர் இதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் டீக்கடைக்கு நகர்கிறார். வேறெந்த அரசாணைக்கும் இவ்வளவு உடனடிக் கீழ்ப்படிதல் கிடைத்ததில்லை.

கோளாறின் காரணம் சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் வெட்டவெளிதான். விவரம் போதாத வெளிநாட்டார்தான் குடைந்து பார்ப்பார்கள். இன்டெல் 82574எல் கார்டுகள் சிலவற்றை, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட பைட் அமைந்த ஒரே ஒரு பாக்கெட் உறைய வைப்பதைக் கண்டுபிடித்து, 2013இல் ஊரறிய எழுதியும் வைத்தார்கள். நாகரிகமில்லாத வேலை.

உள்ளூர் முறை மேலானது. முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகுவது. அடுத்து ரீஸ்டார்ட். பிறகு ஊதுபத்தி. டிரைவரைப் புதுப்பிப்பது, கார்டின் மின்சிக்கன வசதியை அணைப்பது எல்லாம் கடைசி ஆயுதம்; ஆகவே யாரும் எடுப்பதில்லை.

ரீஸ்டார்ட் பல நேரம் பலிக்காததற்குக் காரணம் உண்டு. சர்வரை அணைத்தாலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், மயக்கம் தெளியாது. பவர் கேபிளையே கழற்றிச் சற்று நேரம் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதாவது, தகுதியுள்ள ஒரே மருத்துவர் மின்வாரியம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் போகும் கரண்டு, கார்டை இலவசமாகவே குணப்படுத்திவிடும், குறுக்கே யு.பி.எஸ்.ஸும் ஜெனரேட்டரும் நிற்காவிட்டால். அலுவலகத்தில் பராமரிப்பு ஒப்பந்தம் தவறாமல் புதுப்பிக்கப்படுவது அவை இரண்டுக்கும்தான்.