அம்மி ஒன்று தந்துதவக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: சென்னையில் எங்கள் தெருமுனையில் முப்பது மாடி உயர்ந்து நின்று அருள்பாலிக்கும் வளாகத்தின் உயர்திரு நிர்வாக மேலாளர் அவர்கள்.

பொருள்: பாதசாரிக்கு அம்மி வழங்குதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நேற்று மாலை தங்கள் வளாகத்தின் தென்கிழக்கு மூலையில், வேட்டி தலைக்கு மேல் போக, பட்டாபட்டி டிராயரோடு நின்றவன் அடியேன்தான். தங்கள் கேமராவில் பதிவாகியிருக்கும். ஒரு கையில் தாம்பூலப் பை, மறு கையில் குடை, மானத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அப்போது தங்கள் செக்யூரிட்டி தம்பி ஓடிவந்து விசில் ஊதினார். காற்றைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "சார், ஃபேமிலி வர்ற இடம், இப்படியெல்லாம் நிக்கக் கூடாது" என்றார். என்ன ஒரு கட்டுப்பாடு!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இன்னும் ஆனியே முடியவில்லை ஐயா. தங்கள் கருணையால் பறப்பதற்கு இனி மாதம் பார்க்க வேண்டியதில்லை. மிக்ஸி வந்ததும் எங்கள் வீட்டு அம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். இருந்திருந்தால் இடுப்பில் கட்டிக்கொண்டாவது வந்திருப்பேன்.

வாஸ்து சாஸ்திரத்தில் வாயு மூலை என்பது வடமேற்கு ஒன்றுதான். நாலு மூலையையும் வாயு மூலையாக்கிய பெருமை தங்கள் கட்டடக் கலைஞரையே சேரும். தரையோரக் காற்று மரத்திலும் மதிலிலும் இடித்துத் தளர்ந்து வரும், உயரே போகப்போக வேகம் கூடும். அந்த வேகத்துக்குக் குறுக்கே அகலமாக ஒரு கண்ணாடிச் சுவரை நட்டீர்கள். மோதிய காற்றில் கொஞ்சம் மேலே ஏறித் தப்பிக்கிறது, மிச்சம் சுவரோடு வழுக்கித் தரைக்கு வருகிறது. வந்தது சும்மா இருக்குமா? முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு, ஆகவே மூலையைச் சுற்றிப் பாய்கிறது. தூண்களுக்கு நடுவே தாங்கள் அன்போடு விட்டிருக்கும் நடைபாதையில் இன்னும் மும்முரமாகப் பாய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அங்கே அம்மியும் போதாது, ஆட்டுக்கல்தான்.

மாலையில் கடற்காற்று வந்தால் முன்பெல்லாம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கிடைக்கும். இப்போது ஊருக்கான ரேஷன் அரிசி முழுவதையும் ஒரே வாசலில் கொட்டியதுபோல் எல்லாம் தங்கள் மூலையிலேயே கொட்டுகிறது. கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் கொடியில் காயும் துணிகூட அசைவதில்லை. முன்னால் போகிறவன் பறக்கிறான், பின்னால் குடியிருப்பவன் புழுங்குகிறான்.

தங்களுக்குக் காற்றைப் பற்றித் தெரியாது என்று சொல்ல நான் யார்? ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பாகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகம் விதித்திருக்கிறது. அதைத் தாங்கும்படி கம்பியும் கான்கிரீட்டும் கணக்காகப் போட்டிருப்பீர்கள். கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் காலடியில் நடக்கிறவனுக்குத்தான் கணக்கும் இல்லை, கம்பியும் இல்லை, அம்மியும் இல்லை.

லண்டன் மாநகரின் சிட்டி பகுதியில் 2019இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டார்கள். அவ்வப்போது உட்காரும் இடத்தில் நொடிக்கு 4 மீட்டர், நிற்க 6, நடக்க 8. பெரும்பாலான நேரம் காற்று அதைத் தாண்டக் கூடாதாம். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் பலமில்லை போலும். நியூயார்க்கில் 1902இல் ஃபிளாட்அயர்ன் கட்டடம் எழுந்தபோது மூலைக்காற்றில் பெண்களின் பாவாடை பறந்தது. போலீஸ்காரர்கள் வந்து விரட்டியது வேடிக்கை பார்த்த ஆண்களை. பறந்தவரையே விரட்டும் முறை தங்கள் வளாகத்தின் கண்டுபிடிப்பு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்று 32 மாடிக் கட்டடம். 2011 மார்ச்சில் அதன் பக்கத்தில் வீசிய காற்று ஒரு லாரியையே கவிழ்த்தது. நடந்துபோன ஒருவர் அதனடியில் செத்துப்போனார். சாலைக்கு மேலே பெரிய தடுப்புகள் வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. போன மாதம் தங்கள் மூலையில் பூக்கார அம்மாவின் பெரிய குடையைக் காற்று பிடுங்கியபோது அவர் மணிக்கட்டு முறிந்தது. அவருக்குத் தாங்கள் அனுப்பியது என்ன? நடைபாதை ஆக்கிரமிப்பு என்று ஒரு நோட்டீஸ். தாங்கள் அஸ்திவாரம் தோண்டும் முன்பே அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். யார் ஐயா ஆக்கிரமிப்பு? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். காற்று பலமாக அடித்ததில் வாய் குளறிவிட்டது. தங்கள் பெருந்தன்மை ஊரறிந்தது.

கட்டும் முன்பே சின்ன மாதிரி ஒன்று செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம், மூலைகளை மழுக்கியிருக்கலாம், கீழ்த்தளங்களை அகலமாக்கி இறங்கும் காற்றை அங்கேயே தடுத்திருக்கலாம் என்றெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். முடிந்த கதை. இப்போதும் நடைபாதைக்கு மேல் ஒரு பந்தல்கூரை, மூலையில் துளையிட்ட தடுப்புகள், நெருக்கமாக நாலு மரம் என்று வைக்கலாமாம். லாபியில் நிற்கும் அந்த இத்தாலியப் பளிங்கு யானையைவிடச் செலவு அதிகமாகாது என்றே நினைக்கிறேன்.

அதற்கும் தங்கள் போர்டு மீட்டிங்கில் நேரமில்லையென்றால், இந்தப் பக்கம் வாசலில் ஆளுக்கொரு அம்மி கொடுத்து, அந்தப் பக்கம் போனதும் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஒரு கவுண்டர் திறக்கவும். டெபாசிட் கட்டத் தயார். குழவி வேண்டாம், உருண்டு யார் காலிலாவது விழும்.

இப்படிக்கு,
தங்கள் காலடியில் நடந்துபோக வேறு வழியில்லாத
பாதசாரி

இணைப்பு: பூக்கார அம்மாவின் எக்ஸ்ரே நகல், மாவுக்கட்டுச் செலவு ரசீது. தொகையை அவர் கையில் நேரில் கொடுக்கவும்.