மீசை இருந்தாலும் போதும்

ஏலே பேராண்டி, நல்ல கூத்துதான் போ! புள்ளை பொறந்து நாப்பது நாள் ஆவல. அதுக்குள்ள பால் குடிச்ச நேரம் குறிக்க ஒரு ஆப்பு, தூங்குன நேரம் குறிக்க ஒரு ஆப்பு. ஏன் அழுவுதுன்னு கண்டுபிடிக்க இன்னொண்ணாம்! ஏன்யா, தூக்கிப் பாத்தாத் தெரியாதா?

பாலு முக்கியந்தான், இல்லைங்கல. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், பொறவு ரெண்டு வயசுக்கும் மேல சோத்தோட சேத்துக் குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆனா வயிறு நெறஞ்சா மனசும் நெறஞ்சிருமா?

அமெரிக்காவுல ஹாரி ஹார்லோன்னு ஒரு மனுசன். குரங்குக்குட்டிக்கு ரெண்டு பொம்மைத்தாய் செஞ்சு வச்சாரு. ஒண்ணு வெறுங்கம்பி, அதுல பால்புட்டி. இன்னொண்ணு மெத்துன்னு துணி சுத்துனது. சொட்டுப் பால் கெடையாது. குட்டி என்ன செஞ்சுது? பசிச்சாக் கம்பிக்கிட்ட ஓடும், குடிக்கும். மத்த நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கிட்டே கெடக்கும். 1958-ல இதை எழுதி வச்சுட்டாரு.

தாய் மடியில ரெண்டும் ஒண்ணாக் கெடைக்குது பாரு, அதான் சூட்சுமம். பச்சப்புள்ளைக்கு ஒரு சாண், ஒண்ணேகால் சாண் தூரந்தான் கண்ணு தெளிவாத் தெரியும். மாருக்கும் தாய் மூஞ்சிக்கும் எம்புட்டு இருக்கும்? அளந்து பாரு, அம்புட்டுத்தான்! அந்த நேரத்துல அவ செல்போனைப் பாத்துக்கிட்டிருந்தா, புள்ளை யார் மூஞ்சியைப் படிக்கும்?

எட்வர்ட் ட்ரோனிக்னு இன்னொருத்தர் 1970-கள்ல ஒண்ணு செஞ்சாரு. புள்ளையோட சிரிச்சு வெளையாடுத தாயை, திடீர்னு மூஞ்சியைக் கல்லா வச்சுக்கிடச் சொன்னாரு. புள்ளை சிரிச்சுப் பாத்துச்சு. கைய நீட்டுச்சு. தாய் அசையல. வாடிப்போயி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச்சு. எல்லாம் ரெண்டு மூணு நிமிசந்தான். நீ தெனம் ராத்திரி செல்போனைப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் அந்த மூஞ்சியோட உக்காந்திருக்கே?

பால் சுரக்காத பொம்பளைய ஏசிராத. பாவம், அவளே நொந்துபோயிருப்பா. புட்டிப்பாலானாலும் மடியில போட்டு, மூஞ்சி பாத்துக் குடுத்தாப் புள்ளை மனசு தேறிரும். அது 'ங்கா'ன்னா, 'என்னலே'ன்னு கேக்க ஆள் வேணும். அதுக்கு மாரு வேணுமா? மீசை இருந்தாலும் போதும்.

உனக்குத்தான் மீசை இருக்கே. போ, புள்ளையத் தூக்கு!