பத்துக்குப் பத்து: கார் விற்பனையகத்தாரின் மேலான சமூகத்திற்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: நகரின் புறவழிச்சாலையில் கண்ணாடி மாளிகையாக எழுந்தருளியிருக்கும் கார் விற்பனையகத்தார்.

பொருள்: சேவைக்கு மதிப்பெண் வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கார் விற்பனையானதும் அதைத் தயாரித்த நிறுவனம் வாங்கியவரைத் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ அணுகி, விற்பனையகத்தின் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருகிறீர்கள் என்று கேட்கும் வழக்கம் 'ஃபீட்பேக்' எனப்படுகிறது. இம்முறையில் எட்டும் ஏழும் தோல்வியாகவே கொள்ளப்படுவதாலும், விற்பனைப் பிரதிநிதியின் ஊக்கத்தொகை அம்மதிப்பெண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதாலும், பத்துக்குக் குறைந்த எண்கள் அனைத்தும் ஷோரூம்களில் வழக்கொழிந்துவிட்டன. அந்தப் பத்தை விற்பனையகத்தார் எவ்வாறு ஈட்டுகின்றனர் என்பதைத் துறைவாரியாக ஆராய்ந்து, உரிய புகழ்ச்சியைப் பதிவு செய்வதே இம்மடலின் நோக்கமாகும்.

இந்த ஆய்வுக்கு உடனடிக் காரணம் அண்மையில் நிகழ்ந்த ஒரு டெலிவரி. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் கார் வாங்கிய பள்ளி ஆசிரியை ஒருவர், முழுத் தொகையும் செலுத்திய பின், சிவப்புத் துணி போர்த்திய வண்டியின் முன் நிறுத்தப்பட்டு, அட்டையில் செய்த பெரிய சாவியொன்றைப் பிடித்தபடி படமெடுக்கப்பட்டார். மெய்யான சாவி எங்கே என்று அவர் கேட்டபோது, "மேடம், உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கிக்கொண்ட பிரதிநிதி, எல்லாக் கேள்விகளுக்கும் தாமே பத்து பத்தாக இட்டு, வந்த ஓடிபியையும் தாமே படித்து உள்ளிட்டு, அதன் பின்னரே சாவியைக் கையில் தந்தார். டெஸ்ட் டிரைவ் எனப்படும் வெள்ளோட்டம் திருப்தியளித்ததா என்ற கேள்விக்கும் பத்து; அந்த வெள்ளோட்டம் மட்டும் அவருக்கு அளிக்கப்படவே இல்லை. பணிக்காலம் முழுவதும் பிறர் விடைத்தாளைத் திருத்திய ஒருவரின் கண்ணெதிரே, தேர்வெழுதியவரே விடைத்தாளைத் திருத்திக்கொண்ட இந்தச் சாதனையை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் எட்டவில்லை என்பதால், தேர்வு நடத்தும் திறனுக்குப் பத்துக்குப் பத்து.

அடுத்த பாடம் வரவேற்பு. வந்தவர் பேருந்தில் வந்தாரா, பழைய ஸ்கூட்டரில் வந்தாரா, காலில் அணிந்திருப்பது ரப்பர் செருப்பா என்பவற்றை வாசலிலேயே கணித்து, தண்ணீர் புட்டியா வெறும் புன்னகையா என முடிவெடுக்கும் கலை இங்குப் பெரிதும் வளர்ந்துள்ளது. காசோலையில் கையெழுத்திடப்போவது பெண்ணாக இருந்தால், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை அருகில் நிற்கும் மருமகனை நோக்கியே கூறப்படுகிறது. 2022 ஜனவரியில் கர்நாடகத்தின் துமகூரில், சரக்கு வண்டி வாங்க வந்த விவசாயி ஒருவரைப் பார்த்து, சட்டைப்பையில் பத்து ரூபாய்கூட இராது என்ற பொருள்பட விற்பனையாளர் ஏளனம் செய்ததையும், அவர் சுமார் ஒரு மணி நேரத்தில் பத்து லட்ச ரூபாயுடன் திரும்பி வந்ததையும், பணம் வந்த பின்னும் வண்டியை உடனே கொடுக்க அவ்விற்பனையகத்தால் இயலாமற்போனதையும் நாளேடுகள் விரிவாக எழுதின. பத்து ரூபாய்க்கும் பத்து லட்சத்துக்கும் இடையிலுள்ள தொலைவைச் செருப்பை வைத்தே அளந்துவிடும் இத்தொழில்நுட்பத்திற்கும் பத்துக்குப் பத்து.

மூன்றாவது பாடம் கணிதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஜி.எஸ்.டி. உட்பட, வண்டி ஷோரூமில் நிற்கும் நிலையிலான விலை. அதனுடன் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு முதலியன சேர்ந்து, வண்டியை ஓட்டிச் செல்லும் நிலையில் வாங்குபவர் கட்டுவது ஆன்ரோடு விலை. இச்சாலை வரி, அதாவது தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வாழ்நாள் வரி, 5 லட்சம் ரூபாய் வரையுள்ள கார்களுக்கு 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என அமைந்துள்ளது. 10 லட்சத்தைத் தாண்டும் கார்களுக்கு, விற்பவரே வசூலித்து அரசுக்குச் செலுத்தும் 1 விழுக்காடு வருமான வரியும் உண்டு, டி.சி.எஸ். எனப்படும் இத்தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதை எந்தப் பிரதிநிதியும் தாமாகச் சொல்வதில்லை. ஆகவே, 9,95,000 ரூபாய் வண்டியைப் பார்க்க வந்தவரிடம் "பத்தாயிரம்தான் சார் கூட, அடுத்த வேரியண்ட் எடுத்துடுங்க" என்று 10,05,000 ரூபாய் வண்டியைக் காட்டும்போது, வாழ்நாள் வரி மட்டும் 1,29,350 ரூபாயிலிருந்து 1,80,900 ரூபாயாக ஏறுகிறது; 10,050 ரூபாய் டி.சி.எஸ்.ஸையும் சேர்த்தால், அந்தப் பத்தாயிரம் 71,600 ரூபாயாக வளர்ந்து நிற்கிறது. பத்தைப் பத்தாகவே காட்டி ஏழு மடங்கு வாங்கவைக்கும் கணிதப் புலமைக்குப் பத்துக்குப் பத்து போதாது; விதிகள் இடந்தராமையால் பத்தோடு நிறுத்தப்படுகிறது.

நான்காவது பாடம் சட்டம். இதில் விற்பனையகத்தார் கண்டுள்ள புதுமை, சட்டம் விருப்பத்துக்கு விட்டவற்றைக் கட்டாயம் என்றும், உரிமையாக அளித்தவற்றை முடியாது என்றும் உரைப்பதாகும். உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, கட்டாயம். ஆனால் அதை யாரிடம் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வாகன விற்பனையாளர்களுக்கென வகுத்த வழிகாட்டு நெறிகளும் இவ்வுரிமையைக் காக்கவே எழுந்தன. எனினும், வெளியில் காப்பீடு எடுத்தால் டெலிவரி தாமதமாகும், தள்ளுபடி கிடையாது, கையிலிருந்து பணம் கட்டாமல் பழுதுபார்க்கும் கேஷ்லெஸ் செல்லாது என்னும் மூன்று மந்திரங்கள் எல்லாக் கிளைகளிலும் ஒரே சுருதியில் ஓதப்படுகின்றன. மட் ஃப்ளாப், ஃப்ளோர் மேட், சீட் கவர், வண்டியின் அடிப்பகுதிக்குப் பூசும் கோட்டிங் ஆகியவை 'பேசிக் கிட்' என்ற பெயரில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, அது இல்லாமல் வண்டி வெளியே போகாது எனப்படுகிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் வேறொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. சட்டத்தின் பார்வையில் புகாருக்குரிய ஒன்றை வாசனைத் திரவியப் புட்டியும் சேர்த்து வழங்கும் தாராளத்துக்கும் பத்துக்குப் பத்து.

இவற்றுக்கெல்லாம் சிகரம் ஹேண்ட்லிங் சார்ஜ். கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு என்று இதற்கு விளக்கம் தரப்படுகிறது. எக்ஸ்-ஷோரூம் விலை என்பதே ஷோரூமுக்கு வந்து சேர்ந்த வண்டியின் விலை என்பதால், ஒரே பயணத்துக்கு வாடிக்கையாளர் இருமுறை பணம் கட்டுகிறார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. ஹேண்ட்லிங் சார்ஜை இறக்குவதற்கு எந்த மன்றமும் கூடுவதில்லை, ஏனெனில் அதை விதித்த மன்றமும் எதுவுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தொகைக்கு இடமில்லை. இது பகற்கொள்ளை. மாதச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காசிலும், நகையை அடகு வைத்துப் புரட்டிய முன்பணத்திலும், வங்கிக் கடனுக்கு ஏழாண்டு எழுதிக்கொடுத்த வாழ்விலும் கைவைத்து, ரசீது கேட்டவரை அற்பனைப் போலப் பார்ப்பவர்கள் வெட்கப்பட வேண்டும். இருப்பினும், அத்தொகையைக் கேட்கும்போது முகத்தில் தவழும் மலர்ச்சி குன்றுவதே இல்லை என்பதால், முகபாவத்துக்கும் பத்துக்குப் பத்து.

இத்தனை பத்துகளும் சென்று சேரும் இடம் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமையகம். அங்கே வரைபடத்தில் நாடெங்கும் பத்தாகவே ஒளிர்வதால், எந்தக் கிளையில் வாடிக்கையாளர் அவமதிக்கப்படுகிறார், எந்தக் கிளையில் சென்ற ஆண்டு தயாரித்த வண்டி புதியதென்று தள்ளப்படுகிறது என்பவற்றை அறியும் வழி அடைபட்டுவிடுகிறது. "ஒன்பது போட்டாலும் என் இன்சென்டிவ் போயிடும் சார்" என்று கெஞ்சும் இளைஞனின் கவலை மெய்யானது; ஆனால் அவனைக் கெஞ்சவைத்தது வாடிக்கையாளரல்லர். எல்லார்க்கும் ஒரே மதிப்பெண் விழும் தேர்வு யாரையும் அளப்பதில்லை என்பதை அந்த ஆசிரியை ஒரே வரியில் விளக்கியிருப்பார். அவரிடம் கருத்துக் கேட்கும் வாய்ப்புத்தான் விற்பனையகத்தாருக்குக் கிட்டவில்லை.

எனவே மேலான சமூகம் கருணை கூர்ந்து, முன்பதிவுத் தொகையைப் பெறும் முன்பே விலையின் ஒவ்வொரு கூறையும் எழுத்தில் தருமாறும், காப்பீட்டையும் கிட்டையும் வாங்குபவரின் விருப்பத்துக்கு விடுமாறும், வாங்கும் எந்தத் தொகைக்கும் ரசீது வழங்குமாறும், மதிப்பெண் இடும் உரிமையை மதிப்பெண் இடுபவரிடமே விட்டுவைக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
முழுத் தொகையும் செலுத்திய வாடிக்கையாளர்கள்.

நகல்: கார் வாங்கவிருக்கும் வாசகர்களுக்கு. பதிவுக்கு முன்பே வண்டியை நேரில் பார்த்து, அதன் 17 எழுத்து அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும், அவற்றையும் சரிபார்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு அங்கே கட்டணம் 200 ரூபாய். பேசிக் கிட்டில் வரும் ஃப்ளோர் மேட் அந்த விலைக்குக் கிடைக்காது.