பூஞ்சை மயக்கவியல்

தோலில் தோன்றும் ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்வது மயக்கம். பூஞ்சை மயக்கம் இருவகைப்படும்: பூஞ்சையைப் பிறிதென்பதும், பிறிதைப் பூஞ்சையென்பதும். பூஞ்சையைப் பூஞ்சை என்றே சொல்லும் மூன்றாம் வகையும் உண்டென்பர் சிலர். அது மயக்கம் அன்மையின் இந்நூலின் எல்லைக்குள் வாராது.

முதல் வகை இயற்கை, செயற்கை என மேலும் இரண்டாம். இயற்கையாவது, பூஞ்சை தானே போடும் வேடம். சிறுவன் தலையில் சீழ்கோத்து வீங்கி, தொட்டால் சொதசொதவென்றிருக்கும் கெரியான் இதற்குத் தக்க சான்று. சீழ்க்கட்டி என்று கத்தி வைப்பார் உண்டு. அது கத்திக்கு அடங்காது, மாத்திரைக்கே அடங்கும். தாமதித்தால் அவ்விடத்தில் முடி முளைக்காமலும் போகலாம். இனி, இரண்டு பாதமும் ஒரு கையும் மட்டும் காய்ந்து செதில் உதிர்ந்தால் பழி பாத்திரம் தேய்க்கும் சோப்பின்மேல் விழும். இரு கைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து, பாதங்களுக்கும் தாவும் பழக்கம் சோப்புக்கு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

செயற்கை மயக்கமே இவ்வியலின் செல்வம். வட்டமாய்ச் சிவந்து, விளிம்பு மேடுதட்டி, நடு தெளிந்து, அரிப்போடு நிற்கும் படர்தாமரையை வீட்டுப் பாட்டியே அடையாளம் சொல்லிவிடுவாள். ஆகவே அதை மறைக்க மனித முயற்சி தேவைப்படுகிறது. மெடிக்கல் ஷாப்பில் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டி, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால் போதும். பல வேளை கிடைப்பது, குளோபெட்டசால் போன்ற வீரிய ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் ஒரே களிம்பில் சேர்ந்த கூட்டணி. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடல் போடும் சண்டையின் விளைவுகள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் நிறுத்துகிறது. இரண்டே நாளில் சுகம். அண்ணன் கைராசிக்காரர் ஆகிறார். பூஞ்சையோ தடையின்றிப் படர்கிறது. ட்யூப் தீர்ந்ததும் அரிப்பு திரும்பும்போது பழைய வட்டம் இராது, விளிம்பு இராது. மங்கிய சிவப்பும் சிறு கொப்புளங்களும், சில வேளை வட்டத்துக்குள் வட்டமும் இருக்கும். எக்சிமா என்பார் ஒருவர், சோரியாசிஸ் என்பார் மற்றொருவர், முகத்தில் வந்தால் ரோசேசியா என்பாரும் உளர். 1968-இல் ஐவ், மார்க்ஸ் என்னும் மருத்துவர் இருவர் இதற்கு 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயரிட்டனர். வேடம் கட்டிவிட்டவருக்கு அப்பெயரில் இடமில்லாதது ஒரு குறையே.

இவ்வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்பதற்கு எதிராக 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அவ்விதி கடையின் கல்லாவைத் தாண்டி உள்ளே சென்றதா என்பது தனி நூலுக்குரிய ஆராய்ச்சி. இதற்கிடையே, 2020-இல் தனி இனமாகப் பெயர்பெற்ற ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்னும் பூஞ்சை, டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கும் பல வேளை மசிவதில்லை.

இரண்டாம் வகையைச் சுருக்கிச் சொல்வோம். பிட்டிரியாசிஸ் ரோசியாவின் முதல் திட்டு அச்சாகப் படர்தாமரைபோல் இருக்கும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் தானே மறையும். மறையும்போது கையிலிருக்கும் களிம்பு எதுவோ அதற்கே புகழ். கிரானுலோமா அன்னுலாரேயும் வட்டம்தான், ஆனால் செதில் இராது. நகைப்புக்கு இடமில்லாத உட்பிரிவும் ஒன்றுண்டு: வெளிறி, அரிக்காமல், பஞ்சால் தொட்டாலும் உணர்ச்சி தெரியாத தேமல். அதைப் பூஞ்சை என்று ஒதுக்கக் கூடாது. தொழுநோயா என்று உடனே பார்க்க வேண்டும்.

புறனடை: எவ்வகையிலும் அடங்காததன் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு மைக்ராஸ்கோப்பில் காண்க. கிளைத்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை; ஸ்டீராய்டு தடவியவரிடம் அவை தாராளமாகவே தெரியும். அரை மணிக்குள் முடியும் இச்சோதனை. தடவியது என்ன களிம்பு என்று அதற்குள் நோயாளியைக் கேட்டால், பெயர் தெரியாது, அட்டைப்பெட்டி பச்சை நிறம் என்பார்.