வயர்விடு தூது: மாட்டுங்கா பீப் ஒலி குறித்து ஓர் ஆய்வு

தூது போகத் தக்கவை பத்து என்று பாட்டியலார் வகுத்தனர்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பின்னால் வந்த புலவர்கள் பணத்தையும் நெல்லையும் புகையிலையையும் அனுப்பிப் பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை. அந்தத் தைரியத்தில், யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குப் போகும் ஒன்பது பின் சீரியல் வயரையும் இந்தப் பந்தியில் உட்கார வைக்கலாமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், முதல் மாடியில் இரண்டே அறை உள்ள ஒரு கணக்கு ஆபீஸ். ஆய்வாளன் அங்கே கணக்கு எழுதும் நான். நிதி நல்கை கேட்டேன், முதலாளி சிரித்தார்.

தலைவி யூபிஎஸ், தலைவன் சர்வர் என்க. தூதின் பொருள் பிரிவாற்றாமை. "மின்சாரம் என்னைப் பிரிந்தது, இன்னும் கொஞ்ச நேரம்தான் உயிர் தரிப்பேன், நீர் கோப்புகளை மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளும்" என்பதே செய்தி. தலைவி வாய்விட்டும் புலம்புவாள். முதலில் விட்டுவிட்டு பீப் பீப் என்பாள், பேட்டரி தீரும் தறுவாயில் விடாமல் அலறுவாள். ஆனால் அந்தப் புலம்பல் மனிதர் காதுக்கு. தலைவனுக்கு வயர் சொன்னால்தான் உண்டு.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவை. மும்பைத் தமிழில் கரண்ட் போவதில்லை, லைட்தான் போகும். "லைட் போச்சா?" என்று மாட்டுங்கா மாமியும் கேட்பார், தாராவி அண்ணாச்சியும் கேட்பார். இந்தியிலிருந்து வந்த வழக்கு அது. அதிகம் போகாததால் சொல்லும் அதிகம் தேயவில்லை என்பது என் துணிபு. 1915-லேயே கோபோலியில் டாட்டாவின் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. செம்பூரைத் தாண்டினால் டிராம்பேயில் 1956 முதல் அனல் மின்நிலையம். மாட்டுங்காவுக்கு பஸ்ஸையும் லைட்டையும் பெஸ்ட் என்கிற ஒரே நிறுவனம்தான் தருகிறது; பஸ் காக்க வைக்கும், லைட் வைக்காது. 2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு நகரம் முழுக்க லைட் போய் ரயில்கள் நடுவழியில் நின்றதை இன்றும் ஆச்சரியமாகச் சொல்லிக்கொள்கிறோம். மின்வெட்டு நேரத்தைப் பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடம் செய்து இன்வெர்டர் வாங்கி வைத்த தமிழ்நாட்டு உறவினர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

இதன் விளைவு என்னவென்றால், இங்கே யூபிஎஸ் மேசைக்கடியில் செருப்போடு செருப்பாகக் கிடக்கும். வருஷக்கணக்கில் யாரும் அதைச் சோதிப்பதில்லை.

நிகழ்வுக்கு வருவோம். மழைக்கால சனிக்கிழமை மாலை, கட்டடத்து மெயினில் ஃபியூஸ் போயிற்று. வாட்ச்மேன் உடனே போட்டுவிட்டார். திங்கட்கிழமை வந்தால் யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிகிறது, சர்வர் பிணம் போலக் கிடக்கிறது. பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்தது. அடுத்த தடவையும் இதே கதை.

பேட்டரிதான் என்று முதல் தீர்ப்பு. பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர்-அவர் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். மீட்டர் 12.6 காட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் பேசாமல் ஒரு பழைய கார் ஹெட்லைட் பல்பின் இரண்டு வயரையும் பேட்டரியில் வைத்தார். பல்பு வெள்ளையாக எரிந்து, மஞ்சளாகி, பழுத்த மிளகாய் நிறத்துக்கு இறங்கியது; மீட்டர் ஒன்பதுக்கு வந்துவிட்டது. "சும்மா இருக்கும்போ எல்லாம் பன்னெண்டுதான் காட்டும் அண்ணாச்சி. சொமைய ஏத்துனாத்தான் தெரியும்" என்றார். எங்கள் ஆபீஸில் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள். புது பேட்டரி போட்டேன்.

மறுபடியும் அதே கதை.

அடுத்த சந்தேகம் வயர் மேல். இதில் ஓர் எச்சரிக்கை: சில யூபிஎஸ்களின் ஒன்பது பின் வாய் பார்க்க சீரியல் போர்ட் போலவே இருக்கும், உள்ளே பின்களின் வரிசை வேறு. கடையில் கிடைக்கிற சாதா வயரைச் சொருகினால் சேதி போவதற்குப் பதில் யூபிஎஸ்ஸே அணைந்துவிடும். எங்கள் வயர் அந்த ரகமில்லை. பெட்டியோடு வந்த பதிவிரதை.

கடைசியில் மூலச்சுவடியையே புரட்டினேன். பழைய ரெட்ஹாட் லினக்ஸில் இனிட்டாப் என்றொரு கோப்பு உண்டு. அதில் இந்த அதிகாரத்துக்கு இரண்டே நூற்பா. பவர்ஃபெயில்: லைட் போனால் இரண்டு நிமிஷம் பொறுத்து எல்லாவற்றையும் மூடு. பவர்ஓகேவெயிட்: அதற்குள் லைட் வந்தால் மூடுவதை ரத்து செய். மூட ஆரம்பித்த பிறகு லைட் வந்தால் என்ன செய்வது? நூலாசிரியர் மௌனம் சாதிக்கிறார். எங்கள் வாட்ச்மேன் ஏணி எடுத்து வந்து ஃபியூஸ் போட ஆகும் நேரம், வாட்சில் பார்த்தேன், இரண்டு நிமிஷம் இருபது விநாடி.

ஆக, தலைவன் படுக்கப் போய்க்கொண்டிருக்கும்போதே லைட் வந்துவிடுகிறது. ஆரம்பித்ததை முடித்துவிட்டு அவன் அணைகிறான். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக எழு என்று பயாஸில் சொல்லித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் தலைவி நடுவில் நின்று விடாமல் ஊட்டிக்கொண்டிருந்ததால், மின்சாரம் போனதே அவனுக்குத் தெரியாது. போகாதது எப்படித் திரும்பும்? தூது பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. கெடுத்தது தலைவியின் பாசம்.

பரிகாரம்: சர்வர் படுத்து முடிக்கும் கடைசி நொடியில் யூபிஎஸ்ஸுக்கு ஒரு மறுதூது அனுப்ப வேண்டும். லைட் வந்திருந்தாலும் சரி, தன் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டுப் பிறகு திறக்கச் சொல்லி. அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை யாருமில்லாதபோது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிஷம் இருபது விநாடியில் திரும்பச் சொருகினேன். சர்வர் அணைந்தது. யூபிஎஸ் 'டக்' என்று வாயை மூடியது, பிறகு திறந்தது. சர்வரின் விசிறி தானாகச் சுழன்றது. இன்னொரு முறை பார்த்தால்தான் ஆய்வு நிற்கும் என்று மறுபடி பிடுங்கினேன். மொத்தம் ஐந்து முறை.

கீழ் வீட்டு மாமி படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "காலம்பறலேர்ந்து பட்சி ஏதோ கத்திண்டே இருக்கே, கிளி வளர்க்கறேளா?"

பட்டியலில் புது இடம் கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது.