தூண்களுக்கும் ஜருகண்டி

கல்லுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது நிற்கும். ஐந்நூறு வருஷம், ஆயிரம் வருஷம் என்று நின்றுகொண்டே இருக்கும். நிற்கிற கல்லுக்கு எஸ்டிமேட் போட முடியாது. எஸ்டிமேட் இல்லாவிட்டால் டெண்டர் இல்லை, டெண்டர் இல்லாவிட்டால் பில் இல்லை. பில் இல்லாத இடத்தில் எந்த ஒப்பந்தக்காரருக்குத்தான் சரித்திரத்தின் மேல் பக்தி பிறக்கும்? ஆகவே கல்லை முதலில் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது. பிறகு அதைப் புனரமைக்கலாம், மேம்படுத்தலாம், உலகத் தரத்துக்கு உயர்த்தலாம். வழி திறந்துவிடும்.

இந்தக் கலையில் எங்கள் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை மிஞ்ச ஆளில்லை.

திருமலையில் மகாத்வாரத்துக்கு எதிரே ஆயிரங்கால் மண்டபம் ஒன்று இருந்தது. சாளுவ மல்லதேவ ராஜா 1464-இல் கட்டியது. ஆர்க்காட்டு நவாபு கோயில் வருமானத்தைத் தின்றார், மண்டபத்தைத் தொடவில்லை. கும்பினிக்காரன் வந்தான், உண்டியலை எண்ணினான், தூணை எண்ணி ‘இது அதிகம், எடு’ என்று சொல்லவில்லை. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் கைக்கு நிர்வாகம் போயிற்று. 1933-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பிறந்தது. இத்தனை பேர் கையிலும் தப்பித்த மண்டபம் 2003-இல் மாஸ்டர் பிளான் என்கிற காகிதத்தின் கையில் சிக்கியது. கூட்டம் பெருகிவிட்டது, இடம் போதவில்லை, மண்டபம் பழசாகிவிட்டது என்றார்கள். கர்ப்பக்கிருகத்தின் முன்னால் தோளில் கைவைத்துத் தள்ளி ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்பார்களே, அதையே ஆயிரம் தூண்களைப் பார்த்தும் சொல்லிவிட்டார்கள். நியாயந்தானே? 539 வருஷம் ஒரே இடத்தில் நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி வேண்டாமா?

வைணவத் துறவி சின்ன ஜீயர் சுவாமி போராடிப் பார்த்தார். வழக்குகள் நடந்தன. வேறு இடத்தில் திரும்பக் கட்டுவோம் என்று வாக்குறுதி வந்தது. கழற்றிய தூண்கள் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காகக் கிடந்தன. வாக்குறுதியும் பக்கத்திலேயே கிடந்தது. அரசுகள் மாறின, அறங்காவலர் குழுக்கள் மாறின, ஆண்டு பட்ஜெட் எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. மண்டபம் மட்டும் எழவில்லை. உலகத்தின் பெரும் பணக்காரச் சாமிக்கு, தன் வாசலுக்கு எதிரே இருந்த ஒரு மண்டபத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ள வசதிப்படவில்லை.

மண்டபம் போன சூடு ஆறுவதற்குள் அடுத்த யோசனை வந்தது. 2008-இல் ‘ஆனந்த நிலையம் அனந்த சுவர்ணமயம்’. கர்ப்பக்கிருக விமானம் பொன்னாக இருக்கிறது, சுவர் மட்டும் ஏன் வெறும் கல்லாக இருக்க வேண்டும்? சுவருக்கும் பொன்தகடு போர்த்துவோம் என்றார்கள். அப்போதைய அறங்காவலர் குழுத் தலைவர் எங்கள் சித்தூர்க்காரர்தான், பெருமையாக இருந்தது. அந்தச் சுவரில் எழுத்து இருக்கிறதே என்று சிலர் நினைவூட்ட வேண்டியிருந்தது. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. மிகப் பெரும்பாலானவை தமிழில். சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் மற்றவர்களும் கண்ணைத் தேய்த்துப் படித்ததை, 1930-களில் ஆறு தொகுதிகளாக அச்சிட்டதே இதே தேவஸ்தானந்தான். தான் அச்சிட்ட புத்தகத்தைத் தானே புரட்டியிருந்தால் வழக்கு மிச்சம். 2010 டிசம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. கல்லைப் பொன்னிடமிருந்து காப்பாற்ற நீதிபதிகள் வரவேண்டியிருந்த ஊர் எங்களுடையது.

தமிழ் எழுத்து என்பதால்தான் மறைக்கப் பார்த்தார்கள் என்று நம் ஆட்களில் சிலர் கிளம்பினார்கள். தகடு போர்த்த வந்தவர்களுக்கு அந்த அளவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் நானே மாலை போட்டிருப்பேன். எழுத்து எந்த மொழி என்று பார்க்கிறவன் எழுத்து இருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்கிறான். இவர்களுக்கு அது வெறும் சொரசொரப்பு. மண்டபத்தைக் கட்டிய சாளுவ ராஜா தமிழரா? காளஹஸ்திக்குக் கோபுரம் கொடுத்த கிருஷ்ணதேவராயர் தமிழரா? தெலுங்கர் பெருமை என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் கண்ணெதிரேதான் அவர்கள் கட்டியவையும் போயின.

அந்தக் கோபுரத்தின் கதையையும் சொல்லிவிடலாம். 1516-இல் எழுந்தது. 2010 மே 26 அன்று இரவு அப்படியே உட்கார்ந்துவிட்டது. விரிசல் முன்னதாகவே கண்ணில் பட்டதால் சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள், யாருக்கும் உயிர் போகவில்லை. ராகு கேது பரிகாரத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆள் வருகிற கோயில். வருகிற எல்லாருடைய ஜாதகத்தையும் பார்த்தார்கள், வாசலில் நின்ற கோபுரத்தின் ஜாதகத்தை மட்டும் பார்க்கவில்லை. விழுந்த பிறகு நிபுணர் குழு வந்தது. குழுவுக்கும் கோபுரம் விழுந்தால்தான் வழி தெரியும் போலிருக்கிறது. புதுக் கோபுரத்துக்கு 2017-இல் குடமுழுக்கு நடந்தது. உயரமாக, அழகாக, புதிதாக இருக்கிறது. புதிதாக இருப்பதுதான் அதன் வரலாறு.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய சதியெல்லாம் வேண்டாம். எஞ்சினியரிங் பிரிவின் மேஜையில் இருக்கும் ரேட் ஷெட்யூலைப் பார்த்தால் போதும். கிரானைட் பதிக்க சதுர மீட்டருக்கு இவ்வளவு, எமல்ஷன் அடிக்க இவ்வளவு, பழைய கட்டுமானத்தை இடித்து அப்புறப்படுத்த கன மீட்டருக்கு இவ்வளவு. எல்லாம் அளக்கலாம், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றலாம், பில் பாஸ் ஆகும். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, ஒரு ஸ்தபதி பத்து நாள் உட்கார்ந்து ஒரே ஒரு விரிசலை அடைத்தால் அதை எந்தக் கன மீட்டரில் ஏற்றுவது? வேலை முடிந்தபின் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும். அதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். அதிகாரி எதைத் திறந்து வைப்பார்? அமைச்சர் எந்த ரிப்பனை வெட்டுவார்?

இனி அருங்காட்சியகங்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு சின்ன மியூசியத்தைப் புதுப்பித்தார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெயர் வேண்டாம், ஒன்று மட்டுமா அப்படி இருக்கிறது. வாசலில் ‘ஐ லவ்’ என்று இதயம் போட்ட பெரிய எழுத்துகள், படம் எடுத்துக்கொள்ள. உள்ளே வழவழவென்று டைல்ஸ். ஒரு மூலையில் நடுகல். ஆநிரை மீட்கப் போய் அம்பு தைத்துச் செத்த எவனோ ஒரு வீரன், கையில் வாளோடு நிற்கிறான். மேலெல்லாம் வார்னிஷ். பளபளக்கிறான், நேற்று ஷோரூமிலிருந்து இறக்கியதுபோல. தலைக்கு மேல் இரண்டு வரி எழுத்து இருந்திருக்கிறது. பள்ளங்களில் சிமெண்டை அடைத்துச் சமன் செய்திருந்தார்கள். எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, யாருடைய மகன் என்றெல்லாம் அந்த இரண்டு வரியில்தான் இருந்திருக்கும். கீழே மூன்று மொழியில் அட்டை: ‘கற்சிலை. காலம்: பழமையானது.’

பக்கத்தில் ஒரு தொடுதிரை. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. விரலை நீட்டினேன். காவலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார். “ஐயோ சார், அதத் தொடாதீங்க, கெட்டுப்போயிடும். போன வாரந்தான் சரி பண்ணாங்க.” நடுகல்லை யார் வேண்டுமானாலும் தொடலாமாம். ஒரு பையன் அதில் சாய்ந்துதான் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காவலாளி மேல் எனக்குக் கோபமில்லை. எது உடைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருமலை மியூசியத்தையும் உலகத் தரத்துக்கு உயர்த்தப் பெரிய கம்பெனிகள் தங்கள் செலவில் முன்வந்திருப்பதாகத் தேவஸ்தானம் அறிவித்தது. முப்பரிமாணம், ஹோலோகிராம் எல்லாம் உண்டாம். வாழ்க. நாளைக்கு ஆயிரங்கால் மண்டபத்தையும் ஒளியிலேயே எழுப்பிவிடலாம். ஒளித்தூணுக்கு இடம் தேவையில்லை, கியூ அதன் ஊடாகவே நடந்து போகும். மாஸ்டர் பிளானுக்கு இதைவிடத் தோதான மண்டபம் கிடைக்காது.

பழசைப் புதுப்பிப்பதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானில் இஸே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013-இல். தச்சனின் கை அடுத்த தச்சனுக்குப் போகிறது, அளவு பிசகுவதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? சோழ ராணி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவில் செங்கல் கோயிலைக் கற்றளியாக மாற்றினாள். பழைய கற்களில் இருந்த சாசனங்களை வீசியெறியவில்லை. ஒவ்வொன்றையும் படி எடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தாள், இது பழங்கல்லிலிருந்து எடுத்த படி என்று குறிப்பும் போட வைத்தாள். தனக்கு முந்தியவர்கள் கொடுத்த விளக்கெண்ணெய்க் கணக்குகூட அழியக்கூடாது என்று ஒரு விதவை ராணிக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் திருமலையிலும் 13-ஆம் நூற்றாண்டில், யாதவராயர் காலத்தில், கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைத் திரும்ப வெட்டினார்கள். உளியும் சுத்தியலும் மட்டும் கையில் இருந்த காலம். லேசர் ஸ்கேனரும் டிரோனும் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் படி எடுக்க நேரமில்லை.

எங்கள் வட்டாரத்துச் சந்திரகிரியைப் பற்றி அதிகம் புலம்ப மாட்டேன். 1639 ஆகஸ்ட் 22-ஐச் சென்னை பிறந்த நாள் என்று சென்னைக்காரர்கள் கொண்டாடுகிறார்களே, அந்த மனையைக் கும்பினிக்குக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் சந்திரகிரி அரசருக்கு அடங்கியவர். மரத்தைத் தொடாமல் கல்லும் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டே எழுப்பிய ராஜமகாலை மத்தியத் தொல்லியல் துறை ஒழுங்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. நன்றி சொல்ல வேண்டும். அதே துறை 2018 மே மாதம் திருமலைக் கோயில்களைப் பற்றி விவரம் கேட்டுத் தேவஸ்தானத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. ஊரே கொதித்தது: ‘சாமியை டெல்லிக்காரன் பிடுங்குகிறான்!’ கடிதம் வந்த வேகத்தில் வாபஸ் ஆனது. ஆயிரங்கால் மண்டபத்தை இடித்தபோது அதில் பாதிச் சூடாவது கிளம்பியிருந்தால் தேவலை.

2023-இல் திருமலையின் பார்வேட்டு மண்டபத்துக்கு முறை வந்தது. மாட்டுப் பொங்கலன்று உற்சவர் மலையப்ப சுவாமி வேட்டைக்குப் போய் இறங்குகிற இடம். பழைய கல் மண்டபத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். சிதிலமடைந்திருந்தது என்றார்கள். இருக்கலாம். சிதிலமடையும்வரை பார்த்துக்கொண்டிருந்த கை யாருடையது என்று கேட்டால் மட்டும் பதில் சிதிலமடைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் உச்சுக்கொட்ட வேண்டாம். மணல் வீச்சு எந்திரத்தை வைத்துக் கோயில் சுவரின் தோலை உரித்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, யுனெஸ்கோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு நடந்தது உங்கள் திருப்பணி. 1960-இல் மாநில எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அங்கே போயிற்று, திருப்பதி இங்கே நின்றது. எல்லைக்கல் நட்டதில் இரண்டு பக்கமும் காட்டிய அக்கறை மற்றக் கற்களுக்குக் கிடைக்கவில்லை.

புதிய மியூசியத்துக்கு என் பங்காக ஒரு காட்சிப்பொருள் சொல்கிறேன். ஹோலோகிராம் வேண்டாம், ஒரு கண்ணாடிப் பெட்டி போதும். உள்ளே ஆயிரங்கால் மண்டபத்துக் கோப்பை வையுங்கள். குறிப்பு எழுதியவர், பரிந்துரைத்தவர், ஒப்புதல் தந்தவர், எம்-புக்கில் தூண்களை இடிபாடு என்று கன மீட்டரில் ஏற்றியவர், பில்லைப் பாஸ் பண்ணியவர் என்று வரிசையாக எல்லாம் தெரிய வேண்டும். திருமலைக் கல்வெட்டுகளின் கடைசி வரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோயில் கணக்கன் திருநின்றவூருடையான் இது தன் எழுத்து என்று பொறுப்பேற்றுப் பெயர் போட்டிருப்பான். ஒரு படி அரிசிக் கட்டளைக்குக்கூடப் போட்டிருக்கிறான். ஆயிரம் தூண்களை அப்புறப்படுத்தியவர்களும் போடட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் இடித்த தூண்களில் ஒன்றை நிறுத்தி, அத்தனை பேர் பெயரையும் பதவியோடு வெட்டி வையுங்கள், தெலுங்கிலும் தமிழிலும். வார்னிஷ் மட்டும் அடிக்காதீர்கள்.